மேடையில் அழுத அண்ணனும் திரும்பி வராத கூட்டுப் பணமும்: இது மனந்திரும்புதலா?

பெர்ஜுந்தைக்காரி எழுதியது:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் ஊர் மலேசியாவில் பத்தாங் பெர்ஜுந்தை. பெயர்ப்பலகையில் பெஸ்தாரி ஜெயா என்று மாற்றி ரொம்ப வருஷம் ஆகிறது, நாங்கள் இன்னும் பழைய பெயரைத்தான் சொல்கிறோம்.

விஷயம் இதுதான். எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு அண்ணன் கூட்டு (சீட்டு) பிடித்தார். ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுக்கிறவர்கள், பள்ளிக்கூடத்தில் கூட்டுகிற அக்கா, கடைத்தெருவில் இட்லி விற்கிற பாட்டி எல்லாரும் மாதாமாதம் கட்டினார்கள். பாதியில் ஆளைக் காணோம். போலீசுக்குப் போகவும் பயம். கூட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்யக்கூடாது என்று 1971லேயே சட்டம் வந்துவிட்டது. புகார் கொடுத்தால் நம்மையும் பிடிப்பார்களோ என்று யாரும் வாயைத் திறக்கவில்லை.

இப்போது அந்த அண்ணன் வேறு ஊரில் இரட்சிக்கப்பட்டு, ஒரு நற்செய்திக் கூட்டத்துக்குச் சாட்சி சொல்ல வந்தார். குடித்ததைச் சொன்னார், சூதாடியதைச் சொன்னார், ஊரை விட்டு ஓடியதைச் சொன்னார். தேம்பித் தேம்பி அழுதார். பாஸ்டர் கட்டிப்பிடித்தார், எல்லாரும் கை தட்டினோம். பணம் கட்டி ஏமாந்த அக்கா இரண்டு பேர் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். கூட்டம் முடிந்து வெளியே வரும்போது "ஸ்தோத்திரம் அக்கா" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார். பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

லூக்கா 18இல் ஆயக்காரன் (ரோமருக்கு வரி வசூலித்தவன்) மார்பில் அடித்துக்கொண்டு, "தேவனே! பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்" என்றான், நீதிமானாக்கப்பட்டவனாய் வீட்டுக்குப் போனான். இந்த அண்ணனும் அப்படித்தான் வீட்டுக்குப் போனார் என்று எடுத்துக்கொள்வதா? எனக்கு உறுத்துகிறது. அல்லது இப்படி உறுத்துவதுதான் பரிசேயத்தனமா, நம்மை மட்டும் நீதிமானாக நினைத்துக்கொள்வதா?

கிருபையின் பிள்ளை எழுதியது:

சகோதரி, நியாயம் தீர்க்க நாம் யார்? "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள்" என்று எபேசியர் 2:8 சொல்கிறது. சிலுவையில் தொங்கிய கள்ளன் யாருக்கு என்ன திருப்பிக் கொடுத்தான்? அன்றைக்கே பரதீசு கிடைத்தது. தாவீதும் "தேவரீர் ஒருவருக்கே விரோதமாக நான் பாவஞ்செய்து" என்றுதான் 51ஆம் சங்கீதத்தில் ஜெபிக்கிறார். பாவம் தேவனுக்கு விரோதமானது, மன்னிப்பதும் அவரே. ஒரு ஆத்துமா மனம் உடைந்து வந்திருக்கும்போது நாம் வெள்ளிக் (ரிங்கிட்) கணக்கு பார்க்கக்கூடாது.

உபதேசியார் பேரன் எழுதியது:

நான் கத்தோலிக்கன். பெயர்களைக் கொஞ்சம் வேறு மாதிரி சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆயக்காரன் என்றால் யார் என்பதைத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். ரப்பர் பால் ஸ்டோரில் நிறுவைக்கு நின்ற கிராணியை (தோட்டத்து எழுத்தரை) நினைத்துக்கொள்ளுங்கள். விடியுமுன் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போய், மரம் வெட்டி, வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து வரிசையில் நிற்போம். கிராணி நிறுப்பார், பாலில் எத்தனை விழுக்காடு ரப்பர் என்று பார்ப்பார், புத்தகத்தில் எழுதுவார். எழுதியதுதான் சம்பளம். என் பாட்டிக்கு அந்தப் புத்தகத்தைப் படிக்கத் தெரியாது. எல்லாக் கிராணியும் திருடர் இல்லை, நல்லவர்களும் இருந்தார்கள். ஆனால் ஒரு கிலோவைக் குறைத்து எழுத நினைத்தவரைத் தடுக்க அங்கே ஆள் இல்லை. துரை தூரத்தில், கிராணி பக்கத்தில். ரோமையன் தூரத்தில், ஆயக்காரன் பக்கத்தில். நம் தோட்டத்துக் கோபம் முழுக்கப் பக்கத்தில் இருந்தவன் மேல்தான் திரும்பும், யூதேயாவிலும் அதுதான் நடந்தது. இவனும் நம் ஆள்தானே, நம் பாஷைதானே பேசுகிறான் என்ற கடுப்பு அதில் சேர்ந்துகொள்ளும்.

இங்கே இன்னொன்று. நம் குவாலா சிலாங்கூர் மாவட்டத்தில் தென்னமரம் தோட்டத்தில்தான் 1917இல் இந்த நாட்டில் முதன்முதலாக வணிகத்துக்குச் செம்பனை (எண்ணெய்ப்பனை) நட்டார்கள். ரப்பர் மெல்லப் போய்விட்டது, இப்போது பாலுக்குப் பதில் குலை. எழுதுகிற கை எழுதப்படுகிறவனுக்கு மேலே இருப்பது மட்டும் போகவில்லை.

இந்தப் பின்னணியில் லூக்காவைப் படியுங்கள். 18ஆம் அதிகாரத்தில் வருகிற ஆள் உவமையில் வருகிறவர், பெயர் கிடையாது, பிறகு என்ன செய்தார் என்று சொல்லப்படவில்லை. அடுத்த அதிகாரத்திலேயே எரிகோவில் பெயரோடு ஒருவர் வருகிறார்: சக்கேயு, அந்தத் தொழிலுக்கே தலைவர். அவர் என்ன சொல்கிறார்? சொத்தில் பாதி ஏழைகளுக்கு, ஏமாற்றி வாங்கியிருந்தால் நான்கு மடங்கு. இரண்டு கதைகளையும் லூக்கா அடுத்தடுத்த அதிகாரங்களில் வைத்திருக்கிறார். கோயிலில் மார்பில் அடித்துக்கொண்டவன் ஊருக்குள் வந்தால் எப்படி இருப்பான் என்று காட்டத்தான் என்று நான் நினைக்கிறேன். இது என் வாசிப்பு, பேராசிரியர்கள் வேறு மாதிரி சொல்லலாம்.

கிருபையின் பிள்ளை சொல்வதிலும் உண்மை இருக்கிறது. "இன்று உன் வீட்டில் தங்க வேண்டும்" என்று இயேசு சொன்ன பிறகுதான் சக்கேயு பணத்தைப் பற்றிப் பேசுகிறார். முதலில் வந்தது கிருபைதான். ஆனால் கிருபை வந்து உட்கார்ந்ததும் அந்த வீட்டில் நடந்த முதல் பேச்சு கணக்கைப் பற்றியது.

இரண்டாம் டிவிஷன் எழுதியது:

எந்தத் தோட்டம் என்று தெரிந்துவிட்டது. அந்த ஆள்

*(மீதி நீக்கப்பட்டது. நடத்துநர்: பெயர், தோட்டம், சபை, கார் எண் எதுவும் வேண்டாம். ஊர் சிறியது. அடுத்த முறை கணக்கு மூடப்படும்.)*

செம்பனைக்காடு எழுதியது:

நான் கிறிஸ்தவன் இல்லை, முருகன் கோயிலுக்குப் போகிறவன். இந்த இழையைத் தற்செயலாகப் பார்த்தேன். எங்கள் ஊரிலும் இதே மாதிரி ஒரு கூட்டு முங்கியது, அதில் என் அத்தை பணம் இருந்தது. அக்கா மகள் சடங்குக்குச் சேர்த்த பணம்.

உங்கள் வேதத்தைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி இல்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்த மனிதர் உங்கள் கடவுளிடம் மன்னிப்புக் கேட்டார், உங்கள் கடவுள் மன்னித்தார், உங்கள் சபை கை தட்டியது, சரி. என் அத்தை உங்கள் சபையிலேயே இல்லை. அவரிடம் யார் கேட்டது? மேலே ஒருவர் "பாவம் தேவனுக்கு மட்டுமே விரோதமானது" என்று எழுதியிருக்கிறார். அப்படியென்றால் என் அத்தைக்கு நடந்தது என்ன?

கோபத்தில் கேட்கவில்லை. பதில் தெரிந்துகொள்ளத்தான்.

லெந்து வாத்தியார் எழுதியது:

செம்பனைக்காடு தம்பி, கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டீர்கள். நான் லுத்தரன், ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியன். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன்.

தாவீது விஷயத்தை முதலில் பார்ப்போம். 51ஆம் சங்கீதத்தின் தலைப்பே, நாத்தான் தீர்க்கதரிசி வந்து கண்டித்த பிறகு பாடியது என்று சொல்கிறது. ஆகவே 2 சாமுவேல் 12ஐ விட்டுவிட்டு அந்தச் சங்கீதத்தைப் படிக்க முடியாது. ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பணக்காரன் பிடித்து விருந்து வைத்த கதையை நாத்தான் சொல்கிறார். தாவீது கொதித்துப்போய், அந்த ஆட்டுக்குட்டிக்காக நாலத்தனை திரும்பச் செலுத்த வேண்டும் என்று தீர்ப்பு சொல்கிறார். அது அவராகக் கண்டுபிடித்த தீர்ப்பு இல்லை, ஆட்டைத் திருடினால் நாலு ஆடு என்று யாத்திராகமம் 22:1இல் ஏற்கெனவே இருக்கிறது. "நீயே அந்த மனுஷன்" என்கிறார் நாத்தான். தாவீது மனைவியைப் பறித்துக்கொண்டு கொல்லச் செய்த உரியா அப்போது செத்துப்போயிருந்தான். தாவீதால் எதையும் திருப்பிக் கொடுக்க முடியாது. "தேவரீர் ஒருவருக்கே" என்று கதறுவது, திருப்பிக் கொடுக்க வழியே இல்லாமல் நிற்கிற ஒரு கொலைகாரன். அந்த வசனத்தை, பணம் கொடுத்து ஏமாந்தவர்கள் உயிரோடு பின் வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது ஒருவர் தன் வசதிக்கு எடுத்துக்கொள்ள முடியாது.

கள்ளனுக்கும் அதே பதில்தான். அவன் இரண்டு கையும் ஆணியில் இருந்தது. அப்படியிருந்தும், நாம் நியாயப்படிதான் தண்டனை அனுபவிக்கிறோம் என்று பக்கத்தில் இருந்தவனிடம் சொல்லிவிட்டுத்தான் இயேசுவிடம் திரும்பினான்.

இனி லேவியராகமம் 6. இந்தப் பகுதியை லெந்து (ஈஸ்டருக்கு முந்திய தவக்காலம்) நாட்களில்கூட யாரும் பிரசங்கத்துக்கு எடுப்பதில்லை. நம்பி ஒப்படைத்த பொருளை மறுத்தவன், கொள்ளையிட்டவன், பொய்யாணை இட்டவன் என்ன செய்ய வேண்டும்? முதலைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதோடு ஐந்தில் ஒரு பங்கு சேர்க்க வேண்டும். 1000 வெள்ளி என்றால் 1200. எப்போது? குற்றநிவாரண பலி கொண்டுவருகிற அதே நாளில், அதற்கு உரியவன் கையில். பலியோடு ஆசாரியனிடம் வருவது அடுத்த வசனத்தில்தான். மத்தேயு 5:23, 24இலும் இதே வரிசைதான்: பலிபீடத்தில் காணிக்கையோடு நிற்கும்போது உன் சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போ.

தம்பி, உங்கள் அத்தைக்கு நடந்தது பாவம்தான், அவருக்கு விரோதமான பாவம். தேவனுக்கு விரோதமானதும் அதே செயல்தான். இரண்டையும் பிரித்து ஒன்றை மட்டும் தீர்த்துக்கொள்ள எங்கள் வேதம் இடம் கொடுக்கவில்லை. உங்கள் அத்தை எந்தக் கோயிலுக்குப் போகிறார் என்பது இதில் கேள்வியே இல்லை.

லுத்தர் 1517இல் எழுதிய 95 கருத்துகளில் முதலாவது, விசுவாசியின் வாழ்க்கை முழுவதுமே மனந்திரும்புதலாக இருக்க வேண்டும் என்பது. ஒரு ராத்திரிக் கூட்டத்தோடு முடிகிற காரியமாக அவர் அதைப் பார்க்கவில்லை.

கிருபையின் பிள்ளை எழுதியது:

ஐயா, நீங்கள் எழுதியதை மதிக்கிறேன். ஆனால் நடைமுறையைப் பாருங்கள். அந்த அண்ணனை எனக்குத் தெரியாது, ஆனால் அப்படி வருகிற ஆட்களை எனக்குத் தெரியும். கையில் ஒன்றும் இருக்காது. ஜாகா (காவல்) வேலை, வாடகை அறை, பழைய கடனுக்கு ஆலோங் (வட்டிக்காரன்) துரத்தல். அவரிடம் ஐந்தில் ஒரு பங்கு, நாலு மடங்கு என்று சொன்னால் அவர் சபைப் பக்கமே வரமாட்டார், திரும்பக் குடிக்கப் போவார். இல்லாதவனிடம் என்ன கேட்பீர்கள்? "கொடுத்துத் தீர்த்தால்தான் மன்னிப்பு" என்றால் மன்னிப்பு காசுள்ளவனுக்கு மட்டும்தானா?

உபதேசியார் பேரன் எழுதியது:

இந்த இழையிலேயே நல்ல கேள்வி இது.

எங்கள் திருச்சபையின் மறைக்கல்வி நூலில் 1459ஆம் எண்ணில் இதற்குப் பதில் இருக்கிறது. பாவமன்னிப்பு பாவத்தைப் போக்கும், பாவம் உண்டாக்கிய எல்லாக் கேட்டையும் அது சரிசெய்துவிடாது. அடுத்தவருக்கு விளைந்த தீங்கை முடிந்தவரை ஈடுசெய்ய வேண்டும், திருடியதைத் திருப்பித் தர வேண்டும், கெடுத்த பெயரைச் சீர்படுத்த வேண்டும். அதில் "முடிந்தவரை" என்பதைக் கவனியுங்கள். 2412ஆம் எண்ணில் சக்கேயுவையே எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்கள். முடியாதவனிடம் திருச்சபை முடியாததைக் கேட்கவில்லை. மாதம் 50 வெள்ளி முடியுமா, அது. அதுவும் முடியாதா, அந்த அக்கா வீட்டு வாசலில் போய் நின்று, "உங்கள் பணம் என்னிடம் இருக்கிறது, இப்போது கொடுக்க வழியில்லை, மறக்கவில்லை" என்று சொல்ல முடியுமா? அதற்குக் காசு வேண்டாம். ஆனால் மேடையில் அழுவதைவிட அது ஆயிரம் மடங்கு கஷ்டம் என்று எனக்குத் தோன்றுகிறது. மேடையில் கை தட்டுவார்கள். வாசலில் விளக்குமாறு வரலாம்.

இன்னொரு வழியும் இருக்கிறது, அதை நாம் யாரும் யோசிப்பதில்லை. பிலேமோனுக்குப் பவுல் எழுதிய கடிதத்தை எடுங்கள், ஒரே அதிகாரம். எஜமானிடமிருந்து போய்விட்ட ஒநேசிமு பவுலிடம் வந்து விசுவாசியாகிறார். பவுல் அவரைத் திருப்பி அனுப்புகிறார், அதுவும் அதே எஜமானிடம். அனுப்பும்போது என்ன எழுதுகிறார்? உங்கள் பைபிளில் இப்படி இருக்கிறது: அவன் உமக்குக் கடன்பட்டது உண்டானால் "அதை என் கணக்கிலே வைத்துக்கொள்ளும்." அடுத்த வசனத்தில், சொந்தக் கையால் எழுதுகிறேன், நானே செலுத்தித் தீர்ப்பேன் என்கிறார்.

அந்த பாஸ்டர் கட்டிப்பிடித்தது நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை. பவுலும் கட்டிப்பிடித்தார், கணக்கையும் எடுத்துக்கொண்டார். ஒருவரை மேடையில் ஏற்றி அவர் சாட்சியால் சபை பெருக வேண்டும் என்று நினைத்தால், அவர் கடனில் ஒரு பங்கைச் சபை ஏற்கலாமே. ஒலிபெருக்கிக்கும் கூடாரத்துக்கும் செலவு செய்தோம் அல்லவா?

ரவாங் டீச்சரம்மா எழுதியது:

உபதேசியார் பேரன் தம்பி, அந்தக் கடைசி வரி கொஞ்சம் காரம், ஆனால் சரிதான்.

மெத்தடிஸ்ட் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். ஜான் வெஸ்லி 1738இல் சிறு குழுக்களுக்கு விதிகள் எழுதினார். வாரம் ஒருமுறை கூட வேண்டும், ஒருவருக்கொருவர் குற்றங்களை அறிக்கையிட வேண்டும், யாக்கோபு 5:16இன்படி. போன தடவை கூடியதற்குப் பிறகு தெரிந்து என்ன பாவம் செய்தாய் என்பதுதான் முதல் கேள்வி. கூட்டமாகக் கேட்கவில்லை, நாலைந்து பேர் உட்கார்ந்து கேட்டார்கள். அடுத்த வாரமும் அதே முகங்களைத்தான் பார்க்க வேண்டும், பொய் சொல்லித் தப்ப முடியாது. நம் சாட்சிக் கூட்டங்களில் கேட்கிறவர்களுக்கு அந்த ஆளைத் தெரியாது. தெரியாதவர்கள் முன்னால் தாழ்மையாக இருப்பது ரொம்ப சுலபம்.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும், யாருக்கும் பிடிக்காது. பெர்ஜுந்தைக்காரி தங்கச்சி, அந்த அண்ணனிடம் யாராவது நேரில் பேசினீர்களா? மத்தேயு 18:15 என்ன சொல்கிறது? உன் சகோதரன் உனக்கு விரோதமாகக் குற்றம் செய்தால், அவனும் நீயும் தனித்திருக்கும்போது உணர்த்து. கடைத்தெருவில் பேசு என்றோ, இணையத்தில் இழை தொடங்கு என்றோ இல்லை. இதை உங்களைக் குத்தச் சொல்லவில்லை, இந்த இழையால் எனக்கும் நிறையப் பிரயோஜனம். ஆனால் இத்தனை பேர் அவர் ஆத்துமாவைப் பற்றிப் பேசிவிட்டோம், அவரிடம் ஒருத்தரும் பேசவில்லை.

பெர்ஜுந்தைக்காரி எழுதியது:

டீச்சர், அந்த அக்காமார் வெட்கப்படுகிறார்கள். "கடவுள் பார்த்துக்கொள்வார், நாம் கேட்டால் பணத்தாசை என்பார்கள்" என்கிறார்கள். ஏமாற்றியவனுக்கு வராத வெட்கம் ஏமாந்தவர்களுக்கு வருகிறது. இது நம் ஆட்களிடம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. நான் கூடப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். போய்விட்டு எழுதுகிறேன்.

பெர்ஜுந்தைக்காரி எழுதியது:

போனோம். சுருக்கமாகச் சொல்கிறேன், நடத்துநரிடம் மறுபடி திட்டு வாங்க வேண்டாம்.

ஒரு அக்காதான் வந்தார். இன்னொருவர், "அவன் முகத்தையே பார்க்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். அந்த அண்ணன் எங்களைப் பார்த்ததும் முதலில் வேதம்தான் பேசினார், பழையவைகள் எல்லாம் ஒழிந்துபோயின என்று. அக்கா அதற்குப் பதிலே சொல்லவில்லை. பழைய சின்ன நோட்டை எடுத்து மேசை மேல் வைத்தார், மாதாமாதம் கட்டியதற்கு அந்த அண்ணனே கையெழுத்துப் போட்ட நோட்டு. அப்புறம் பேச்சு மாறிவிட்டது. மாதம் 100 என்று ஒத்துக்கொண்டு, முதல் 100ஐ அங்கேயே கொடுத்தார். தொடர்ந்து தருவாரா, தெரியாது. வராத அக்காவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று என்னைத் தூது போகச் சொன்னார். முடியாது, நீங்களே போங்கள் என்று சொல்லிவிட்டேன்.

லெந்து வாத்தியார் எழுதியது:

சரியாகச் சொன்னீர்கள் அம்மா. வராத அக்காவை யாரும் அவசரப்படுத்த வேண்டாம். மன்னிக்கச் சொல்லி அவரிடம் வசனம் காட்டுகிற வேலையைத் தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள்.

கிராணி வீட்டுப் பிள்ளை எழுதியது:

எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துத்தான் எழுதுகிறேன். மேலே உபதேசியார் பேரன் கிராணியைப் பற்றி எழுதியதைப் படித்ததும் கோபம் வந்தது, ஏனென்றால் என் அப்பா கிராணி. அவர் போய்விட்டார். கடைசி நாட்களில் என்னை மட்டும் கூப்பிட்டு, "நிறுவையில் சிலருக்குக் குறைத்து எழுதியிருக்கிறேன்" என்றார். யார், எவ்வளவு என்று பெரும்பாலும் ஞாபகம் இல்லை, சில பெயர்களைச் சொன்னார். சேமநிதிப் பணத்தில் கொஞ்சம் ஒதுக்கி வைத்திருந்தார், "சேர வேண்டியவர்களுக்குச் சேர்த்துவிடு" என்றார்.

எப்படிச் சேர்ப்பது? தோட்டத்தை விற்றுவிட்டார்கள். லயன் வீடுகளை இடித்துவிட்டார்கள், அங்கே இப்போது தாமான் (குடியிருப்புப் பகுதி). ஆட்கள் ரவாங், கிள்ளான், காப்பார் என்று சிதறிவிட்டார்கள். பாதிப் பேர் உயிரோடு இருக்கமாட்டார்கள். என் தம்பி, "கோயில் உண்டியலில் போட்டுவிடு, விஷயம் முடிந்தது" என்கிறான். செய்யலாமா?

கிருபையின் பிள்ளை எழுதியது:

சகோதரரே, உங்கள் அப்பாவுக்காகத் தேவனைத் துதிக்கிறேன். சபைக்கோ ஒரு அநாதை இல்லத்துக்கோ கொடுத்தால் போதும் என்று நினைக்கிறேன். தேவன் இருதயத்தைப் பார்க்கிறவர்.

லெந்து வாத்தியார் எழுதியது:

இதற்கென்றே ஒரு சட்டம் இருக்கிறது, எண்ணாகமம் 5:6 முதல் 8 வரை. முதலோடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்து, குற்றம் செய்யப்பட்டவனுக்குக் கொடுக்க வேண்டும். அவன் இல்லாவிட்டால் அவன் இனத்தானுக்கு. அதை வாங்க இனத்தானும் இல்லாவிட்டால் மட்டும் கர்த்தருக்கு, அதாவது ஆசாரியனுக்கு. உண்டியல் மூன்றாவது இடத்தில்தான் வருகிறது. பழைய திருச்சபைப் பிதா அகுஸ்தீனும் ரோம அதிகாரி மக்கேதோனியுவுக்கு எழுதிய கடிதத்தில், திருப்பிக் கொடுக்க முடிந்தும் கொடுக்காதவன் மனம் வருந்துவதுபோல் நடிக்கிறான் என்கிறார். உங்கள் அப்பா நடிக்கவில்லை. அவரால் முடியாமல் போனதை உங்களிடம் விட்டிருக்கிறார், அவ்வளவுதான். முதல் இரண்டு இடங்களைத் தேடிப் பாருங்கள்.

கிராணி வீட்டுப் பிள்ளை எழுதியது:

தேடலாம் ஐயா. ஆனால் போய் என்னவென்று சொல்வது? "என் அப்பா உங்கள் பாட்டியை ஏமாற்றினார்" என்றா? அம்மா இன்னும் இருக்கிறார், ஊரில் அவர் பெயர் என்னாகும்?

ரவாங் டீச்சரம்மா எழுதியது:

அம்மாவிடம் முதலில் பேசுங்கள் தம்பி. அவருக்கு இது தெரிந்தே இருக்கலாம், வீட்டுக்காரிக்குத் தெரியாத நிறுவையா? தெரியாமல் ஊருக்குள் போய்ச் சொல்லாதீர்கள். கொடுக்கும்போது, "அப்பா உங்கள் குடும்பத்துக்குத் தர வேண்டியது, கணக்கில் விட்டுப்போனது" என்று சொன்னால் அது பொய் இல்லை. யாராவது மேலே கேட்டால் மறைக்காதீர்கள்.

செம்பனைக்காடு எழுதியது:

அண்ணே, ஆள் தேடுவதில் நான் உதவலாம். எங்கள் பக்கத்துப் பழைய தோட்ட ஆட்களுக்கு வாட்ஸ்ஆப் குழு இருக்கிறது, கல்யாணம் சாவு எல்லாம் அதில்தான் வரும். அதில் "பழைய ஆட்கள் விவரம் சேர்க்கிறோம்" என்று மட்டும் போடுகிறேன், காரணம் சொல்ல வேண்டாம். பழைய தொழிற்சங்க அட்டையைப் பத்திரமாக வைத்திருக்கிற வீடுகள் நிறைய உண்டு. தமிழ்ப்பள்ளியைத் தாமானுக்கு மாற்றியபோது பழைய பதிவேட்டையும் கொண்டு போயிருப்பார்கள், அதில் அப்பா பெயர், டிவிஷன் எல்லாம் இருக்கும். வாத்தியார் ஐயா சொன்னால் தலைமையாசிரியர் காட்டுவார் என்று நினைக்கிறேன்.

உங்கள் அப்பா எந்த வருஷத்திலிருந்து எந்த வருஷம் வரை அங்கே நிறுவையில் இருந்தார்? அவர் ஞாபகமாகச் சொன்ன பெயர்களையும் இங்கே போடாமல் எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள்.